ஆண்டீஸ் மலையின் அல்பாக்கா சால்வை: உரோமம் முதல் கடைவரை

குளிர் மிகுந்த இடங்களில் கழுத்தைச் சுற்றி அணியும் கம்பளித் துண்டை நாம் மப்ளர் என்று வழங்குகிறோம். தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் உயர்ந்த மலைப் பகுதிகளில் கெச்சுவா மக்கள் அல்பாக்கா என்னும் விலங்கின் உரோமத்தைக் கையால் நூற்று, கையால் நெய்து ஆக்கும் கழுத்துச் சால்வை உலகச் சந்தையில் மதிப்புப் பெற்ற பொருளாகும். சாதாரணமாக ஒன்றரை மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், ஒரு சாண் அல்லது அதற்குச் சிறிது கூடுதலான அகலமும் உடைய இச்சிறு துணி எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இதனை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு சிற்றூர் தன் விளைபொருளைக் கச்சாப் பொருளாகவே விற்றுவிட்டால் அடையும் ஊதியம் எவ்வளவு, அதனைத் தன் கையாலேயே செய்பொருளாக்கி விற்றால் அடையும் ஊதியம் எவ்வளவு என்னும் வினா எந்நாட்டுக் கிராமத்துக்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு ஆண்டீஸ் மலை மக்களின் அனுபவம் தெளிவான விடை தருகிறது.

மலையும் மந்தையும்

ஆண்டீஸ் மலைத்தொடர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையையொட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. பெரு, பொலிவியா, எக்வடார் முதலிய நாடுகளில் அம்மலைகளிலும் அவற்றின் பள்ளத்தாக்குகளிலும் கெச்சுவா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். முற்காலத்தில் இன்கா அரசர்கள் ஆட்சி மொழியாகக் கொண்டிருந்தது இம்மொழியே. 1532-ஆம் ஆண்டில் ஸ்பானியர் படையெடுத்து அவ்வரசை வீழ்த்திய பின்னரும் மொழியும் நெசவும் மக்களிடையே நிலைத்து நின்றன. 1975-ஆம் ஆண்டில் பெரு அரசாங்கம் கெச்சுவாவை ஆட்சி மொழிகளுள் ஒன்றாக ஏற்றது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மக்காச்சோளம் விளையாது; உருளைக்கிழங்குகூட அரிதாகவே விளையும். இரவில் உறைபனி விழும். அங்கு இயற்கையாக வளர்வது குட்டையான புல் மட்டுமே. அந்தப் புல்லை மேய்ந்து வாழ வல்லது அல்பாக்கா. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இதற்குத் திமில் இல்லை. ஆட்டைவிடச் சற்று உயரமானது; கழுத்து நீண்டது. இன்றைக்கு ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே விக்கூனா என்னும் காட்டு விலங்கிலிருந்து மனிதர் இதனைப் பழக்கி வளர்த்தனர். அடிப்பாதம் மெத்தென்றிருப்பதால் இது நடக்கும் இடத்தில் புல் வேரோடு பெயர்வதில்லை. சாணம் எரிபொருளாகவும் எருவாகவும் பயன்படுகிறது. உலகிலுள்ள அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெரு நாட்டிலேயே உள்ளது. சுருண்டு அடர்ந்த உரோமமுடைய ஹுவாக்காயா, சடைபோல் நீண்டு தொங்கும் உரோமமுடைய சூரி என இதில் இரு இனங்கள் உண்டு. முன்னதே எண்ணிக்கையில் மிகுதி.

மலைமேல் மந்தை வளர்ப்போரும் கீழே பயிரிடுவோரும் தொன்றுதொட்டுப் பண்டமாற்றுச் செய்து வந்தனர். மேலிருந்து உரோமமும் உலர்ந்த இறைச்சியும் இறங்கும். கீழிருந்து மக்காச்சோளம் ஏறும். மேய்ச்சல் நிலம் பல இடங்களில் ஊர்ச் சமுதாயத்தின் பொதுவுடைமையாக உள்ளது. எப்பருவத்தில் எவ்விடத்தில் மேய்ப்பது என்பதை ஊரார் கூடி முடிவு செய்வர். பெரும் பண்ணையார்களிடம் சிக்கியிருந்த நிலங்களில் மிகுதியான பகுதி 1969-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தால் கைமாறியது.

உரோமம் வெட்டுதலும் வகைபிரித்தலும்

அல்பாக்காவுக்குச் சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு முறை உரோமம் வெட்டுவர். கடுங்குளிர் நீங்கி மழை தொடங்கும் மாதங்களே இதற்கு ஏற்ற காலமாகும். ஒரு விலங்கிலிருந்து ஏறத்தாழ 2 கிலோவும், நல்ல பராமரிப்பில் 3 கிலோ வரையும் உரோமம் கிடைக்கும். ஆட்டு உரோமத்தில் பிசுபிசுப்பான கொழுப்பு மிகுதி. அல்பாக்கா உரோமத்தில் அது மிகக் குறைவு. ஆதலால் இதனைக் கழுவுவது எளிது. கழுவும்போது எடை அதிகமாகக் குறைவதுமில்லை.

ஒரே விலங்கின் உரோமம் முழுவதும் ஒரே தரமுடையதன்று என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். முதுகிலும் விலாவிலும் வளர்வது மென்மையானது; கால், வயிறு, மார்பு ஆகிய இடங்களில் வளர்வது முரடானது. உரோமத்தின் மென்மையை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அல்பாக்கா உரோமம் 18 மைக்ரான் முதல் 30 மைக்ரானுக்கு மேலும் தடிப்பு உடையது. கழுத்தில் அணியும் சால்வைக்கு மென்மையான வகையே வேண்டும். தடித்த மயிர் தோலைக் குத்தும். கடைகளில் 'பேபி அல்பாக்கா' என்று எழுதியிருப்பதைக் கண்டு அது குட்டியின் உரோமம் எனப் பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஏறத்தாழ 22 அல்லது 23 மைக்ரானுக்கு மேற்படாத மெல்லிய தரத்துக்கு வணிகர் இட்ட பெயரே அது. நல்ல இனமாயின் வளர்ந்த விலங்கிலிருந்தும் அத்தரம் கிடைக்கும்.

அல்பாக்காவின் இயற்கை நிறங்கள் பல. வெண்மை, தந்த நிறம், பழுப்பு, சாம்பல், கருமை என்பவற்றின் சாயல்களையெல்லாம் சேர்த்து 22 வகையாக வணிகர் எண்ணுவர். ஆகவே சாயமே இல்லாமலும் பல வண்ணச் சால்வைகளை நெய்ய இயலும்.

நூற்கும் முறை

உரோமத்தைக் கையால் பிரித்துத் தூசும் முள்ளும் நீக்கி, புஷ்கா என்னும் கதிரில் நூற்கின்றனர். நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் சிறுவர்கள் நூற்றுப் பழகிய தக்கிளியை ஒத்த கருவி இது. ஒரு மரக்குச்சியும் அதன் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டும் இருந்தால் போதும். மந்தையின் பின்னே நடந்துகொண்டும், சந்தைக்குச் செல்லும் வழியிலும், பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலும் கெச்சுவாப் பெண்கள் நூற்றுக்கொண்டே இருப்பர். வேறு வேலைக்கு இடையே கிடைக்கும் நேரம் அவ்வளவும் நூலாக மாறுகிறது.

அல்பாக்கா உரோமம் வழுவழுப்பானது. ஆட்டு உரோமத்தைப்போல் இழைகள் ஒன்றோடொன்று எளிதில் பற்றிக்கொள்வதில்லை. எனவே முறுக்கு நன்கு ஏற வேண்டும். ஒற்றை இழைகள் இரண்டினைச் சேர்த்து எதிர்ப்புறமாக மீண்டும் முறுக்குவர். இவ்வாறு செய்த இரட்டை நூலே தறியின் இழுப்பையும் உராய்வையும் தாங்கும். ஆயினும் முறுக்கு மிகுந்தால் துணி விறைப்பாகிவிடும். சுமை கட்டும் துணிக்கு விறைப்பு நன்று. சால்வைக்கு மென்மை வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை விரலால் உணர்ந்து நூற்பதே கைத்திறன். ஒரு சால்வையை நெய்யும் நேரத்தைக் காட்டிலும் அதற்கு வேண்டிய நூலை நூற்கும் நேரமே அதிகம் என்பதை வாங்குவோர் பலர் அறியார்.

சாயமும் சப்பாத்திக்கள்ளியும்

வெண்ணிற நூலுக்குச் சாயம் ஏற்றும்போது, செடி, பூ, பூச்சி ஆகியவற்றைப் பயன்படுத்துவது பழைய முறை. சில்க்கா என்னும் புதரின் இலையிலிருந்து பச்சையும், கொல்லே என்னும் மரத்தின் பூவிலிருந்து மஞ்சளும், அவுரியிலிருந்து நீலமும் பெறுவர். சாயம் நூலில் நிலைத்துப் பற்றுவதற்காகக் கொல்பா எனப்படும் மண் உப்பைச் சேர்ப்பர். நம் சாயக்காரர்கள் படிகாரம் சேர்ப்பது போன்றதே இது.

சிவப்பு நிறத்தைத் தருவது கொச்சினில் என்னும் சிறு பூச்சி. இது சப்பாத்திக்கள்ளியின் மடலில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. பெண் பூச்சிகளைச் சுரண்டி எடுத்து உலர்த்திப் பொடியாக்கிக் கொதிநீரில் இட்டால் ஆழ்ந்த சிவப்பு உண்டாகும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்தால் நிறம் செம்மஞ்சளை நோக்கிச் செல்லும். காரத்தன்மையுள்ள பொருளைச் சேர்த்தால் ஊதாவை நோக்கிச் செல்லும். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் எனக் கணக்கிடுவர். இன்றும் உலகுக்கு இச்சாயத்தை மிகுதியாக அளிப்பது பெரு நாடே. உணவுக்கு நிறமூட்டவும் இது உபயோகமாகிறது.

இப்பூச்சியின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இச்சாயத்தை இந்தியாவிலேயே உண்டாக்க விரும்பினர். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சென்னைச் சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். 1795-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சி கொண்டுவரப்பட்டது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அதன் தாழ்ந்த உறவினமே. ஆதலின் சாயத்தொழில் வேரூன்றவில்லை. எனினும் பரவிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அப்பூச்சி அழித்தது. பின்னர் 1926-ஆம் ஆண்டில் அவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து, தென்னிந்தியாவில் விளைநிலங்களைக் கெடுத்துவந்த மற்றொரு வகைக் கள்ளியையும் ஒடுக்கினர். ஆண்டீஸ் மலையில் பயன் தரும் பயிராக மதிக்கப்பெறும் கள்ளி இங்குக் களையாகக் கருதப்பட்டது. அங்குச் சாயம் தரும் பூச்சியின் உறவினம் இங்குக் களை ஒழிக்கும் துணையாயிற்று.

இடுப்புத் தறி

கெச்சுவா மக்களின் பழந்தறி மிக எளியது. நம் நெசவாளரின் குழித்தறியைப்போல் மிதியும் அச்சும் அதற்கு இல்லை. பாவின் ஒரு முனையை மரத்திலோ முளையிலோ கட்டுவர். மறு முனையை ஒரு கோலில் பிணைத்து, அக்கோலை வாரினால் நெய்பவரின் இடுப்போடு கட்டுவர். உடலைப் பின்னே சாய்த்தால் பாவு இறுகும். முன்னே வளைத்தால் தளரும். நெய்பவரின் உடலே தறியின் ஓர் உறுப்பாகிறது. வேலை முடிந்ததும் கோல்களோடு துணியைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். மேய்ச்சல் இடத்துக்கும் தறி உடன் செல்லும்.

பாவு ஓட்டுவதற்கு இருவர் வேண்டும். தரையில் அடித்த முளைகளின் இருபுறத்திலும் எதிரெதிரே அமர்ந்து நூலுருண்டையை மாறி மாறி உருட்டிக் கொடுப்பர். இன்று உன் பாவுக்கு நான் உதவினால் நாளை என் பாவுக்கு நீ உதவ வேண்டும். ஒருவர்க்கொருவர் கைம்மாறாக உழைக்கும் இவ்வழக்கத்துக்கு ஆய்னி என்று பெயர். வயல் வேலையிலும் வீடு கட்டுவதிலும் இதே வழக்கம் உண்டு.

இத்துணியில் மேலே தெரிவது பாவு நூலே. ஊடை நூல் உள்ளே மறைந்திருக்கும். எனவே பூவேலை முழுவதும் பாவு நூலைக் கொண்டே அமைகிறது. இன்ன நூலை உயர்த்த வேண்டும், இன்ன நூலைத் தாழ்த்த வேண்டும் என விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பொறுக்கி எடுப்பர். இப்பூவேலைக்குப் பல்லாய் என்று பெயர். பொறுக்குதல் என்பதே அச்சொல்லின் பொருள். ஊடையை நெருக்கி அடிக்க விலங்கின் எலும்பால் செய்த ருக்கி என்னும் கூரிய கருவி உதவுகிறது. வளைந்தோடும் ஆறு, ஏரி, பறவை முதலிய உருவங்களுக்கு எழுதிவைத்த வரைபடம் கிடையாது. எண்ணிக்கை முழுவதும் நினைவில் உள்ளது. சிறுமியர் முதலில் விரலளவு அகலமுள்ள நாடாவை நெய்யக் கற்று, அதன்பின் இடைவார், அதன்பின் போர்வை எனப் படிப்படியாக முன்னேறுவர்.

பழைய முறையில் துணியைக் கத்தரிப்பதே இல்லை. நான்கு பக்கமும் கரையுடன் தறியிலேயே முடியும். கடைசிச் சில விரற்கடை இடத்தை ஊசியால் நெய்ய வேண்டியிருப்பதால் அது மிகக் கடினமான வேலை. சந்தைக்கென நெய்யும் சால்வைகளில் பலவற்றுக்கு இரு முனையிலும் நூலை முறுக்கிக் குஞ்சம் விடுகின்றனர். ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறியிலும் அகலமான மெல்லிய சால்வைகள் நெய்யப்படுகின்றன. அவையும் கைத்தறித் துணிகளே. ஆனால் அமைப்பு வேறு.

விலை யாரைச் சேர்கிறது?

இனி நம் முக்கிய வினாவுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைகள் அல்பாக்கா உரோமத்தை வாங்கத் தொடங்கின. பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளியான டைட்டஸ் சால்ட் இதனால் பெருஞ்செல்வம் ஈட்டி, 1853-ஆம் ஆண்டில் சால்டேர் என்னுமிடத்தில் பெரிய ஆலையைத் திறந்தார். பெரு நாட்டில் அரெக்கிப்பா நகரம் இவ்வணிகத்தின் மையமாயிற்று. மலைமேல் உள்ள மந்தைக்காரரிடமிருந்து இடைத்தரகர்கள் உரோமத்தை வாங்கி நகரத்துக்கு அனுப்பினர்.

மந்தைக்காரர் விற்பது பெரும்பாலும் வகைபிரிக்காத உரோமம். முதுகு உரோமமும் கால் உரோமமும் ஒன்றாகக் கட்டப்பட்டு எடைக்கு ஒரே விலை பெறும். நகரத்து ஆலையில் அதே மூட்டையை அவிழ்த்து, கைதேர்ந்த பெண்கள் தரம் தரமாகப் பிரிப்பர். அதன்பின் முதல்தரத்துக்கு உயர்ந்த விலை கிடைக்கும். அந்த உயர்வு பிரித்தவரைச் சேர்கிறதேயன்றி வளர்த்தவரைச் சேர்வதில்லை.

இதனால் விளைந்த கேடு விலையோடு நிற்கவில்லை. எடைக்கே காசு என்றால் மென்மையான உரோமமுடைய விலங்கைத் தேர்ந்து வளர்க்க எவர் முயல்வர்? காலப்போக்கில் மந்தைகளில் முரட்டு உரோமம் மிகுந்தது. ஆலைகள், எந்தச் சாயமும் ஏற்கும் வெண்ணிறத்தையே அதிகம் விரும்பின. ஆதலின் கரிய, பழுப்பு, சாம்பல் நிற விலங்குகளை மக்கள் வளர்க்காமல் விட்டனர். இன்று பெருவின் மந்தைகளில் வெள்ளையே பெரும்பான்மை. தொலைவிலுள்ள ஆலையின் விருப்பம் மலைமேல் எவ்வின விலங்கு நிலைக்கும் என்பதைத் தீர்மானித்துவிட்டது. நாட்டு விதைகளையும் நாட்டு மாட்டினங்களையும் அறிந்த நம் விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பரிகாரமாகப் பல இடங்களில் சேகரிப்பு நிலையங்கள் அமைந்துள்ளன. ஊரார் தம் உரோமத்தைக் கூட்டாகச் சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு வகைபிரித்து, தரத்துக்கேற்ற விலைக்கு மொத்தமாக விற்கின்றனர். இது முதற்படி. நூலாக்கி விற்பது இரண்டாம் படி. துணியாக்கி விற்பது மூன்றாம் படி. ஒவ்வொரு படியிலும் ஒரு கூலி உண்டு. அப்படி ஊருக்குள் நிகழ்ந்தால் கூலியும் ஊருக்குள் தங்கும். இயற்கை நிறச் சால்வைக்கு மதிப்பு ஏறினால் கரிய அல்பாக்காவுக்கும் மந்தையில் இடம் கிடைக்கும்.

இரண்டு ஊர்களின் அனுபவம்

கூஸ்கோ நகருக்கு அருகில் 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சின்செரோ என்னும் ஊர் உள்ளது. ஆலை நூலும் செயற்கைச் சாயமும் மலிவாக வந்தபின் அங்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய சாயமுறைகளும் கடினமான பூவேலைகளும் மறையத் தொடங்கின. அவ்வூரில் பிறந்த நெசவாளரான நில்டா கயாஞாவ்பா ஆல்வரெஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் முதியவர்களிடம் எஞ்சியிருந்த அறிவைத் திரட்டினர். 1996-ஆம் ஆண்டில் கூஸ்கோ பாரம்பரிய நெசவு மையம் தோன்றியது. கூஸ்கோப் பகுதியைச் சேர்ந்த 10 ஊர்களின் நெசவாளர்கள் அதனோடு இணைந்து பணி செய்து வந்துள்ளனர். முதியோர் இளையோருக்குக் கற்பிக்கின்றனர். சிறுவர்களுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. துணிகள் மையத்தின் வழியே விற்கப்படுகின்றன.

டிட்டிக்காக்கா ஏரியிலுள்ள தக்கீலே என்னும் தீவு மற்றோர் எடுத்துக்காட்டாகும். அங்கு ஆண்கள் தொப்பி பின்னுகின்றனர். பெண்கள் இடைவாரும் போர்வையும் நெய்கின்றனர். தீவினர் தம் துணிகளை ஊர்ப் பொதுக் கடையில் வைத்து, முன்னரே நிர்ணயித்த விலைக்கு விற்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். இதனால் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைக்கும் நிலை தவிர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இத்தீவின் நெசவுக் கலையை மனித குலத்தின் அரும் மரபாக அறிவித்து, 2008-இல் தன் பட்டியலில் சேர்த்தது. எனினும் அவர்களுக்கும் இடர் நேராமல் இல்லை. சுற்றுலாப் பயணிகளைத் தம் சொந்தப் படகுகளிலேயே ஏற்றிவந்த தீவினர், 1990-களில் வெளியாரின் படகுகளோடு போட்டியிட முடியாமல் அவ்வருவாயில் பெரும்பகுதியை இழந்தனர். நெசவோ அவர்கள் கையிலேயே இருந்ததால் நிலைத்தது.

அணியும் முன் அறிய வேண்டுவது

கையால் நெய்த அல்பாக்கா என்று சொல்லி, செயற்கை இழையால் இயந்திரத்தில் செய்த துண்டுகளை விற்போர் அந்நாட்டுச் சந்தைகளிலேயே உள்ளனர். சில அடையாளங்களால் மெய்யானதை அறியலாம். பூவேலைத் துணியைத் திருப்பிப் பார்த்தால், பல மரபு வகைகளில் அதே உருவம் நிறம் மட்டும் மாறித் தெளிவாகத் தெரியும். பின்புறத்தில் நூல்கள் தாறுமாறாகத் தொங்கினால் ஐயுற வேண்டும். கரைகளில் கையின் சிறு வேறுபாடு காணப்படும். ஓர் இழையை எடுத்து எரித்தால் உண்மையான உரோமம் தலைமயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கட்டியான மணியாக நிற்கும். மிகக் குறைந்த விலையும் ஓர் அடையாளமே. பல நாள் நூற்று, பல நாள் நெய்த பொருள் அவ்விலைக்கு வர இயலாது.

வருங்காலம் எளிதாக இருக்குமென்று கூறுவதற்கில்லை. கடும் பனிக்காலங்களில் அல்பாக்காக் குட்டிகள் பல மடிகின்றன. பெரு நாட்டின் மலைப் பனிப்பாறைகள் 1962-ஆம் ஆண்டுக்குப்பின் பாதிக்கு மேல் பரப்பில் சுருங்கிவிட்டன. அவற்றின் நீரால் பசுமையாக இருந்த ஈர மேய்ச்சல் நிலங்கள் வறள்வது மந்தைக்காரருக்குப் பெருங்கவலை. இளைஞர்கள் நகரங்களை நாடுகின்றனர். 2024-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலக ஒட்டகக் குடும்ப விலங்குகள் ஆண்டாகக் கொண்டாடியது இவ்விடர்களின்மேல் உலகின் கவனத்தைத் திருப்ப உதவியது.

ஆண்டீஸ் மலை மக்கள் கண்டறிந்த உண்மை சுருக்கமானது. விற்கும் முன் வகைபிரித்தல், பிரித்ததைக் கூடிய மட்டும் ஊரிலேயே செய்பொருளாக்கல், விலையைக் கூடி நிர்ணயித்தல், தெரிந்த தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் ஆகிய நான்கும் சேர்ந்த ஊரில்தான் உழைப்பின் பயன் தங்கியிருக்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும் பயனின் ஒரு பகுதி மலையிறங்கி நகரத்துக்குச் சென்றுவிடுகிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரிலிருந்து மூட்டையாக வெளியேறும் விளைபொருள் எது, அம்மூட்டை எங்கு அவிழ்க்கப்படுகிறது, அங்குப் பிரிப்பவர் பெறும் ஊதியம் எவ்வளவு என்பதை ஒரு முறை விசாரித்து அறிவார்களாயின், தம் ஊரில் தொடங்க வேண்டிய முதற்படி எது என்பது அவர்களுக்குப் புலனாகும்.